பெரிய வித்தியாசம்

அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தாம் கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவரென்றும், இப்பொழுது தம் மூத்த மகனும் அதே ஆட்டத்தில் முனைந்திருக்கிறானென்றும், அவனுக்குத் தாமே பயிற்சி அளிக்கலாமா, அல்லது வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவதுதான் நலமா என்றும் கேட்கிறார். "வீட்டில் தகப்பனாகவும் களத்தில் வாத்தியாராகவும் இருப்பது கடினமாக இருக்கிறது" என்பது அவர் கடிதத்தின் கடைசி வரி. இதற்கு நேரான விடை கூற நாம் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் கடிதத்தைப் படித்தவுடன் ஒரு குடும்பத்தின் நினைவு வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு லொய்சாகா குடும்பத்தை இத்திங்கள் நேயர்களுக்கு அறிமுகம் செய்வோம்.

அக்குடும்பத்தின் நடுநாயகமானவர் கார்லோஸ் லொய்சாகா. காலோய் என்பது அவருடைய செல்லப் பெயர். அந்நாட்டுப் பத்திரிகைகள் அவருக்குச் சூட்டிய பட்டப் பெயரோ 'பெரிய வித்தியாசம்' என்பது. இரண்டு அணிகளும் எல்லாவற்றிலும் சமமாக நிற்கின்றன. ஒன்றில் லொய்சாகா இருக்கிறார், மற்றதில் இல்லை. இருக்கிற அணி வெல்லும். இதுதான் அப்பெயரின் பொருள். கவிராயர்கள் அடைமொழி சூட்டும் நம் வழக்கத்துக்கு இது சற்று வறண்டதாகத் தோன்றலாம். நமக்கென்னவோ இதைவிடப் பெரிய புகழுரை ஓர் ஆட்டக்காரருக்கு இருக்க முடியாதென்றே படுகிறது.

அவர் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் மிந்தோரோ தீவைச் சேர்ந்த சான் ஹோசே என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை ஹோவாக்கின் லொய்சாகா ஒரு கால்பந்து வீரர்; தூரக்கிழக்குப் போட்டிகளில் தம் நாட்டு அணிக்காக ஆடியவர். அந்தப் போட்டிகளைப் பற்றி ஒரு சொல் கூறிவிட்டு மேலே செல்வோம். மணிலாவில் ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த எல்வுட் பிரௌன் என்னும் அமெரிக்கர் முன்னின்று நடத்த, 1913-இல் அப்போட்டிகள் முதன்முதலாக மணிலாவில் நடந்தன. கூடைப்பந்து பிலிப்பைன்ஸில் வேரூன்றியதும் அந்த ஒய்.எம்.சி.ஏ.யினாலும் அமெரிக்கர் நடத்திய பள்ளிக்கூடங்களினாலுமே. நம் சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தாரே, அவரும் ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்தவர்தாம். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள். ஒரே ஆட்டத்தைக் கற்பித்தார்கள். அங்கே அது தெருத்தெருவாகப் பரவி நாட்டின் உயிராயிற்று. இங்கே கல்லூரி மைதானங்களையும் இரயில்வே, இராணுவ அணிகளையும் தாண்டி அதிகம் செல்லவில்லை. இதற்குக் காரணம் நம் உயரம் அன்று. பிலிப்பினோக்கள் நம்மைவிடக் குட்டையானவர்களே தவிர நெட்டையானவர்கள் அல்லர்.

காலோய் வளர்ந்தது மணிலா நகரில், சாந்தா மேசா பகுதியில். தந்தையின் ஆட்டத்தை விட்டுவிட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தெருமுனைத் திடலில் கூடைப்பந்து கற்றார். அவருக்குப் பதினொரு வயதானபோது ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1945-இல் மணிலாவை மீட்பதற்காக நடந்த போரில் நகரத்தின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. அந்தத் தலைமுறைச் சிறுவர்கள் பலருடைய படிப்பு அதனால் துண்டுபட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில், வணிகப் புனரமைப்புக்காக அரசாங்கம் நிறுவிய அலுவலகம் ஒன்று வைத்திருந்த அணியில் அவர் சேர்ந்தார். அவருக்குப் பயிற்சியளித்தவர்களுள் ஒருவர் லியோ பிரியெட்டோ. பின்னாளில் 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் அணிக்கும் இவரே பயிற்சியாளர். 1975-இல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் மணிலாவில் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் ஆணையரும் இவரே. தெருத்திடலில் ஆடிய பையனை ஒரு நல்ல கண் பார்த்துவிட்டது.

பிறகு சான் பெடா கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் அந்தக் கல்லூரிக்கு அவர் 1951, 1952, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளில் கல்லூரிகளுக்கிடையிலான வெற்றிக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அவர் அணிந்த 14-ஆம் எண்ணுள்ள சட்டையை அதன்பின் அங்கே வேறெவரும் அணிவதில்லை. கல்லூரிக்கு வெளியே அவர் ஆடியது எலிசால்டே நிறுவனத்தாரின் 'இக்கோ' வண்ணப்பூச்சுக் கம்பெனி அணிக்கு. 1954 முதல் 1956 வரை அந்த அணி தொடர்ந்து 49 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. கம்பெனிகள் வேலை கொடுத்து ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் இந்த முறை நமக்கும் பழக்கமானதே. நம் குடும்பங்களிலேயே விளையாட்டினால் இரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பெற்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் இல்லையா?

இனி நாம் இருக்கும் நாட்டுக்கு வருவோம். ஆசிய விளையாட்டுப் போட்டிகள் முதன்முதலாக 1951 மார்ச் 4 முதல் 11 வரை புது தில்லியில் நடந்தன. குரு தத் சோந்தி முதலியோரின் இடைவிடா முயற்சியின் பயன் அது; 11 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியா கேட்டுக்குக் கிழக்கே இன்று தியான் சந்த் பெயர் தாங்கி நிற்கும் அரங்கமே அவற்றின் தலைமைக் களம். அந்தப் போட்டிகளில் கூடைப்பந்துத் தங்கத்தை வென்றது பிலிப்பைன்ஸ். ஜப்பானும் ஈரானும் அடுத்த இடங்களைப் பெற்றன. நம் இந்திய அணி அவற்றுக்குப் பின்னே நின்றது. வென்ற அணியில் இருபது வயது நிரம்பிய இளைஞராக லொய்சாகா இருந்தார். உலகம் பின்னால் புகழப்போகும் ஓர் ஆட்டக்காரரின் முதற்பெரும் வெற்றி நம் தலைநகரில் நிகழ்ந்தது என்பதை, அந்த அரங்கத்தின் வழியே நாள்தோறும் பேருந்தில் போய்வரும் நாம் எத்தனை பேர் அறிவோம்?

அந்தத் தங்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. 1954-இல் மணிலாவிலும், 1958-இல் தோக்கியோவிலும், 1962-இல் ஜகார்த்தாவிலும் வென்றார்கள். நான்கு வெற்றிகளிலும் லொய்சாகா இருந்தார். ஜகார்த்தா போட்டிகளுக்குத் தைவானையும் இஸ்ரேலையும் வரவிடாமல் இந்தோனேசிய அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆகவே அந்த நான்காவது தங்கத்தின் எடை முந்தியவற்றைவிடச் சிறிது குறைவுதான் என்று சொல்வோரும் உண்டு. அதற்கு அடுத்த ஆண்டில் தைப்பேயில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியிலும் அவர்கள் வென்று காட்டியதால், அந்த வாதத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவருடைய பெயர் ஆசியாவுக்கு அப்பால் பரவியது 1954-இன் பிற்பகுதியில், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில். அது இரண்டாவது உலகக் கூடைப்பந்துப் போட்டி. இறுதிச் சுற்றில் பிலிப்பைன்ஸ் அணி அமெரிக்காவிடமும் பிரேசிலிடமும் மட்டுமே தோற்றது. பிரான்ஸையும் உருகுவேயையும் பின்னே தள்ளி மூன்றாமிடம் பெற்றது. ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 16.4 புள்ளிகள் எடுத்த லொய்சாகா, போட்டியின் தலைசிறந்த ஐவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். உலகப் போட்டியில் ஆசிய அணி ஒன்று அந்த மூன்றாமிடத்தை மிஞ்சியதே இல்லை. சீனம் ஏழரை அடி யாவோ மிங்கைக் கொண்டுவந்தும் முடியவில்லை.

லொய்சாகாவின் உயரம் 6 அடி 3 அங்குலம். நம் வீட்டு வாசற்படியில் அவர் குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் கூடைப்பந்தில் மைய நிலையில் நிற்பவருக்கு அது போதாத உயரம். அமெரிக்கரும் உருசியரும் அந்த நிலையில் நிறுத்தியவர்கள் அவரைவிட அரையடியும் அதற்கு மேலும் உயர்ந்தவர்கள். அவர் என் செய்தார்? பிறர் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தவறும்போது அது எந்தப் பக்கம் விழும் என்பதை முன்னரே கணித்து அங்கே இருந்தார். கையில் பிடித்து மறுபடி எறிய நேரம் கொள்ளாமல், விரல் நுனியால் தட்டியே பந்தை வளையத்துள் செலுத்தினார். உயரமானவர் இரண்டாம் முறை எழும்புவதற்குள் புள்ளி ஏறிவிடும். கூடையடியில் நெருக்கினால் வெளியே வந்து எறிவார். வெளியே வந்து மறித்தால் உள்ளே ஓடும் தோழனுக்குப் பந்தைக் கொடுத்துவிடுவார்.

இத்தகைய ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆவது எளிதா? எளிதன்று என்பதே நம் எண்ணம். சங்கீதத்திலும் இதைக் கண்டிருக்கிறோம். பிறவியிலேயே சுருதி சேர்ந்தவர், அது சேராத மாணவனிடம், "ஏன் வரவில்லை?" என்று கேட்பார், அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தெரியாது. பந்து எங்கே விழும் என்று கணிப்பதை எப்படிப் பாடமாக்குவது? இருந்தும் லொய்சாகா அதை மேற்கொண்டார், அதுவும் மிகவும் இக்கட்டான வேளையில்.

அவர் ஆட்டத்தை விட்டு விலகிய பின் பிலிப்பைன்ஸின் ஆதிக்கம் தளர்ந்தது. 1965-இல் கோலாலம்பூரில் ஆசியக் கோப்பை ஜப்பானுக்குப் போயிற்று. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டிகளில் தங்கத்தை இஸ்ரேல் கொண்டுபோயிற்று. நான்கு முறை தொடர்ந்து வென்ற பிலிப்பைன்ஸுக்கு எந்தப் பதக்கமும் கிடைக்கவில்லை. மணிலாவில் இதை ஒரு துக்கமாகவே கொண்டாடினார்கள் என்றால் மிகையில்லை. நம்மவர்கள் ஹாக்கியில் 1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் பாகிஸ்தானிடம் தங்கத்தை இழந்தபோது எப்படி இருந்ததென்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். ஆட்டக்காரராக அவர் பெற்றுத் தந்ததை, பயிற்சியாளராக மீட்டுத் தரும்படி நாடு அவரைக் கேட்டது.

1967 செப்டம்பரில் சியோல் நகரில் அடுத்த ஆசியக் கோப்பைப் போட்டி. களம் கொரியர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. கொரிய அணியில் சின் டோங் பா என்னும் இளைஞர் இருந்தார். தூரத்திலிருந்து அவர் எறியும் பந்து தவறுவது அரிது. முப்பத்தேழு வயதுப் பயிற்சியாளராக லொய்சாகா அங்கே அழைத்துச் சென்ற அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. கொரியர்களை அவர்கள் மண்ணிலேயே வென்று கோப்பையோடு திரும்பினார்கள். அந்த வெற்றியினால் மெக்சிகோ ஒலிம்பிக் போட்டிகளுக்கும் வழி திறந்தது.

மெக்சிகோவில் கதை வேறு. 1968-இல் 16 அணிகளுள் பிலிப்பைன்ஸ் பதின்மூன்றாவது, கொரியா பதினான்காவது. ஆசியாவின் முதலிரண்டு அணிகளும் உலக வரிசையில் எங்கே நிற்கின்றன என்பது அன்று தெளிவாயிற்று. 1936-இல் பெர்லினில் ஐந்தாமிடமும், 1956-இல் லொய்சாகா ஆடியபோது ஏழாமிடமும் பெற்ற நாடு அது. இந்தச் சரிவுக்குப் பயிற்சியாளரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. மற்ற நாடுகளில் ஏழடி மனிதர்கள் விரைவாக ஓடவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். விரல் நுனியின் கணிப்பு அதற்கு எவ்வளவுதான் ஈடு கொடுக்கும்? அடுத்த ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய இறுதி ஆட்டத்தில் அதே சின் டோங் பா பிலிப்பைன்ஸுக்கு எதிராகத் தனியொருவராக 50 புள்ளிகள் எடுத்துக் கோப்பையைக் கொரியாவுக்கு வாங்கித் தந்தார். தங்களைத் தோற்கடித்த அந்தக் கொரியரை மணிலா மக்கள் தம் சொந்த வீரரைப் போலவே கொண்டாடத் தொடங்கினார்கள்! ஆட்டத்தை உண்மையாகவே நேசிக்கும் மக்கள் என்று அவர்களை நாம் சொல்வது இதனாலும்தான்.

சியோலுக்கும் மெக்சிகோவுக்கும் லொய்சாகா அழைத்துச் சென்றவர்களில் ராபர்ட் ஜவோர்ஸ்கி என்னும் இளைஞர் ஒருவர். இவர் 1946-இல் பிறந்தவர். முரட்டு உடல், அஞ்சாத நெஞ்சு. லொய்சாகா பின்னர் தொழில்முறைச் சங்கத்தின் தொடக்க காலத்தில் யூ-டெக்ஸ், தாண்டுவாய் ஆகிய அணிகளுக்குப் பயிற்சியளித்தார். மணிலா நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஆனால் சியோலில் பெற்றதைப் போன்ற வெற்றி அவருக்கு மறுபடி வாய்க்கவில்லை. ஜவோர்ஸ்கியின் நட்சத்திரமோ ஏறுமுகமாயிற்று. 1985 முதல் ஜினேப்ரா அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருங்கே இருந்து, ஐம்பது வயதைத் தாண்டியும் களத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஓர் ஆட்டத்தில் எதிரணியானின் முழங்கை பட்டு உதடு கிழிந்து, மருத்துவமனைக்குச் சென்று 9 தையல் போட்டுக்கொண்டு, அதே ஆட்டம் முடிவதற்குள் திரும்பி வந்து தம் அணியை வெற்றி பெறச் செய்தார் என்பது அந்நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி. பின்னர் 1998-இல் மக்கள் அவரை செனட் சபைக்கும் அனுப்பினார்கள்.

அந்த ஜினேப்ரா அணியில் ஆடியவர்களுள் ஒருவர் சிட்டோ லொய்சாகா, காலோயின் மகன். இளையவர் ஜோயியும் அதே அணியில் ஆடினார். கடிதம் எழுதிய அன்பருக்காக நாம் சொல்ல வந்த இடம் இதுவே. சிட்டோ பெயர் பெற்றது தந்தையின் பயிற்சியில் அன்று. தந்தையிடம் பயின்றவரின் பயிற்சியில்.

தந்தையின் நிழல் எவ்வளவு நீளமானது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்நாட்டில் எந்த அரங்கத்தில் இறங்கினாலும், "இவன் காலோயின் மகன்" என்றுதான் கூட்டம் முதலில் சொல்லும். தட்டிப் புள்ளி எடுப்பதிலும், கூடையடியில் இடம் பிடிப்பதிலும் மகன் தந்தையாக முயன்றிருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் ஒப்பீடாகவே முடிந்திருக்கும். சிட்டோ அந்த வழியில் செல்லவில்லை. புள்ளி எடுப்பதைவிட எடுக்கவிடாமல் தடுப்பதில் வல்லவரானார். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறித்து நிற்பது அவர் பொறுப்பு. புள்ளிப் பட்டியலில் அதிகம் தெரியாத வேலை அது. அணிக்கு மட்டுமே அதன் அருமை தெரியும். 1986-இல் அந்த அணி முதல் வெற்றிக் கோப்பையைப் பெற்றபோது அவர் அதில் இருந்தார்.

1990-இல் ஆசியப் போட்டிகளுக்கு முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் செல்லலாமென ஆயிற்று. பெய்ஜிங் சென்ற பிலிப்பைன்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜவோர்ஸ்கி. ஆட்டக்காரர் பன்னிருவருள் சிட்டோ லொய்சாகா ஒருவர். தந்தையின் கையில் வளர்ந்தவர் மகனை அழைத்துக்கொண்டு, தந்தை 1951-இல் தில்லியில் முதன்முதலாக வென்ற அதே தங்கத்தைத் தேடிப் போனார். இறுதி ஆட்டத்தில் சீனர்கள் வென்றார்கள். வெள்ளி கிடைத்தது.

காலோய் பிற்காலத்தில் குடும்பத்தோடு சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தார். ஒரு நாடே பெயர் சொல்லும் மனிதர், அவரை யாரென்று அறியாத ஊரில் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்திருப்பார். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அந்த நிலை விளங்காததன்று. நம் பெரியவர்களிலும், பிறந்த ஊரில் தெருவே எழுந்து நின்று மரியாதை செய்த ஒருவர், இங்கே பால் வாங்கும் வரிசையில் பத்தாவது ஆளாக நின்றதைக் கண்டிருக்கிறோம். அவர் மகள்களில் பிங், தெரசா இருவரும் நடிகைகளாகி அந்நாட்டுத் திரையில் புகழ் பெற்றார்கள். 2011-இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில் காலமானார்.

2023-இல் உலகக் கூடைப்பந்துப் போட்டியின் ஒரு பகுதி மணிலாவில் நடந்தது. அதையொட்டி ஆகஸ்டு மாதத்தில் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் தன் புகழ் மண்டபத்தில் லொய்சாகாவின் பெயரைச் சேர்த்தது. உயிரோடு இருந்தபோதே செய்திருக்கலாம், செய்யவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் பிலிப்பைன்ஸ் அணி ஜோர்டானை 70-60 என்ற கணக்கில் வென்று ஆசியப் போட்டித் தங்கத்தைப் பெற்றது. ஜகார்த்தாவில் காலோயும் தோழர்களும் வென்ற 1962-க்குப் பிறகு, 61 ஆண்டுகள் கழித்து.

கடிதம் எழுதிய அன்பருக்கு: தங்கள் மகனின் பள்ளியில் பயிற்சியளிப்பவர் தங்களோடு ஒரு காலத்தில் ஆடியவரென்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓரமாக நின்று பாருங்கள் என்பது எம் எண்ணம். வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் பேசலாம்.

பிற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1951-இல் தில்லியில் நடந்த அந்தக் கூடைப்பந்து ஆட்டங்களை நேரில் கண்ட பெரியவர்கள் நம் குடும்பங்களில் எவரேனும் இருப்பின், அல்லது அவர்கள் வைத்துப்போன நுழைவுச்சீட்டோ புகைப்படமோ பழைய பெட்டிகளில் கிடைப்பின், நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.